பிராங்க்பர்ட்டில் மாலை நான்கு மணி

நான்காவது விதி இப்படி இருந்தது: "இந்தப் பக்கத்தில் காட்டப்படும் நேரங்கள் அனைத்தும் பார்வையாளரின் உள்ளூர் நேரம். நீங்கள் தனியாகக் கணக்கிடத் தேவையில்லை." மூலம் ஆங்கிலம். மொழிபெயர்ப்பில் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் அரசாங்கச் சுற்றறிக்கைகளை வாசித்தும், அவற்றில் சிலவற்றை எழுதியும் ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது நல்ல விதி. சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கமும் அதன்படி நடந்திருந்தால் இதை எழுதும் தேவை எனக்கு வந்திருக்காது.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊரில் இருக்கும் மருத்துவ இல்லத்தின் இணையப் பக்கம் அது. இனிக் குணமாகமாட்டார்கள் என்று தெரிந்தவர்களை வலியில்லாமல் வைத்துக்கொள்ளும் இடம். என் அக்கா அங்கே இருந்தாள். இருபத்தோரு வயதில் தாதிப் பயிற்சிக்காகப் பினாங்கிலிருந்து போனவள், அங்கேயே வேலை பார்த்து, கல்யாணம் செய்துகொள்ளாமல், அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டாள். உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். அவளுடைய கோப்பில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் என் பெயரும், உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்பதும், முகவரி என்ற இடத்தில் பினாங்கின் தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் என் வீட்டின் முகவரியும் இருந்தன. நாடு என்ற இடத்தில் மலேசியா என்று எழுதியிருந்தது. இதைக் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்த இல்லத்துக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று நன்றாகவே தெரியும். தெரியாதது அதன் இணையப் பக்கத்துக்கு மட்டும்தான்.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வார்டின் தாதி ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். உங்கள் அக்கா சில நாட்களாக ஆங்கிலம் பேசுவதை நிறுத்திவிட்டார், உங்கள் மொழியில்தான் பேசுகிறார், எங்களில் யாருக்கும் புரியவில்லை, எதையோ கேட்கிறார், எதைக் கேட்கிறார் என்று தெரியாமல் தண்ணீர் கொடுக்கிறோம், தலையணையை மாற்றுகிறோம், அது இல்லை என்று தலையை ஆட்டுகிறார் என்று எழுதியிருந்தார். காணொளி வழியாக நீங்கள் ஒருமுறை பேசினால் உதவியாக இருக்கும், அதற்கான நேரத்தை எங்கள் பக்கத்தில் பதிவு செய்யலாம் என்று சுட்டியையும் சேர்த்திருந்தார்.

நேரில் போவதுதான் முறை. ஆனால் முந்தைய ஆண்டு எனக்கு இருதயத்தில் அறுவை நடந்திருந்தது. பதின்மூன்று மணி நேர விமானம் என்றதும் மருத்துவர் சிரித்தார். சிரித்துவிட்டு, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

எனவே காணொளி. என் கைபேசியின் திரை சிறியது, அக்காவின் கண்ணோ மங்கலானது, என் கண்ணும் அப்படித்தான். என் மகன் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளன். தைப்பூசத்துக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களோடு தங்க வந்தவன், கையோடு கொண்டுவந்திருந்த கம்பெனி மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்து கொடுத்தான். கம்பெனி விதிப்படி அதை நான் தொடவே கூடாது. வாழ்நாள் முழுக்க எல்லா விதிகளையும் விசாரித்தவன், அந்த ஒரு விதியை மட்டும் அன்று விசாரிக்கவில்லை.

பக்கம் அழகாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டதும் காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை கட்டம் கட்டமாக நேரங்கள் விரிந்தன. ஒவ்வொன்றும் இருபது நிமிடம். பெரும்பாலானவை ஏற்கெனவே போய்விட்டன. மாலை நான்கு மணி காலியாக இருந்தது. எனக்கு வசதியான நேரம். மதிய மாத்திரையின் மயக்கம் தெளிந்திருக்கும், தேநீர் குடித்திருப்பேன். அழுத்தினேன். உடனே மின்னஞ்சல் வந்தது: ஞாயிறு, மாலை 4.00, உங்கள் உள்ளூர் நேரம். அதை அச்சிட்டுக் கோப்பில் வைத்தேன்.

இங்கே நான் நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளிர்காலத்தில் இங்கிலாந்து நம்மைவிட எட்டு மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே மாலை நான்கு என்றால் அங்கே காலை எட்டு. எந்த மருத்துவ இல்லமும் காலை எட்டு மணிக்கு நோயாளியைத் திரைக்கு முன் உட்கார வைக்காது. அந்த நேரத்தில்தான் குளிப்பாட்டுவார்கள், மருந்து கொடுப்பார்கள். வார்டின் பார்வை நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை என்று அதே பக்கத்தின் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. நான் அதையும் வாசித்தேன். ஒன்பது முதல் ஐந்து என்பது நம் நேரப்படி மாலை ஐந்து முதல் அதிகாலை ஒன்று. என் முன்னால் விரிந்ததோ பத்து முதல் ஆறு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. நான் போட்டுப் பார்க்கவில்லை. தூரத்து நாட்டுக்காரர்களின் வசதிக்காக யாரோ மெனக்கெட்டுத் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணி மனம் குளிர்ந்துபோனேன். கணக்கிடத் தேவையில்லை என்று விதி சொன்னது. நான் கணக்கிடவில்லை.

ஞாயிறு வந்தது. தைப்பூசம் முடிந்து இரண்டு நாள். சாலையில் உடைத்த தேங்காய்ச் சில்லுகளை நகராட்சி லாரி இன்னும் அள்ளிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் காணொளியில் கேட்குமே என்று ஜன்னல்களைச் சாத்தினேன். அக்காவிடம் கேட்கவேண்டியதை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதி வைத்திருந்தேன். இடப்பக்கம் தமிழில் கேள்வி: எங்கே வலிக்கிறது, குளிர்கிறதா, விளக்கை அணைக்க வேண்டுமா, யாரைப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் ஆங்கிலத்தில் பதிலை எழுதித் தாதிக்கு வாசித்துக் காட்ட இடம். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அக்காகிட்ட பேசப் போறீங்களா, இல்ல ஃபாரம் நிரப்பப் போறீங்களா?"

சட்டையை மாற்றிக்கொண்டேன்.

மூன்று ஐம்பத்தைந்துக்குச் சுட்டியை அழுத்தினேன். திரையின் ஒரு மூலையில் என் முகம். மற்ற இடமெல்லாம் கறுப்பு. 'உங்கள் சந்திப்பு இன்னும் தொடங்கவில்லை' என்று ஒரு வரி. நான்கு ஆயிற்று. நான்கு பத்து ஆயிற்று. எனக்குப் பதற்றமே வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

அக்கா இங்கிலாந்துக்குப் போன காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஏழரை மணி நேர வித்தியாசம். எண்பத்திரண்டாம் ஆண்டு பிறந்தபோதுதான் அரசாங்கம் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளியது. அக்காவின் சமையலறையில் பினாங்கு நேரத்துக்கென்று ஒரு கடிகாரம் இருந்தது. அதை அவள் தள்ளவில்லை. ஞாயிறுதோறும் அந்தக் கடிகாரத்தில் ஆறு அடிக்கும்போது எனக்குப் போன் செய்வாள். இங்கே ஆறரை ஆகியிருக்கும். நாற்பது ஆண்டுக்கும் மேலாக எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்குத்தான் ஆறு மணியானது. ஒருமுறை சுற்றறிக்கை எண்ணோடு எடுத்துச் சொன்னேன். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வெளியே எப்படிப் பேசினாலும் அக்காவும் நானும் மட்டும் பேசும்போது அந்தப் பேச்சு வந்துவிடும்.

"உங்கட அரசாங்கம் மாத்தினா நான் ஏன் மாத்த வேணும்? எனக்குத் தெரிஞ்ச பினாங்கு இதுதான்" என்றாள்.

ஆகவே நான்கு மணிக்கு அக்கா வராதது எனக்குப் பழக்கமான விஷயம். நான்கரைக்கு வருவாள். படுக்கையில் கிடப்பவள் எந்தக் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, நேரத்தைக் கவனிப்பவர்கள் தாதிகள் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். நான்கரையும் கடந்து, நான்கே முக்காலுக்கு அந்தக் கறுப்புத் திரை தானாகவே மூடிக்கொண்டது.

"போன் போட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

ஆறாவது விதியைக் காட்டினேன்: "காணொளிச் சந்திப்பு நடைபெறாவிட்டால் வார்டைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். இதே பக்கத்தில் மறுபதிவு செய்யவும்." அது நியாயமான விதி. தாதிகள் நோயாளிகளைக் கவனிக்க வேண்டும், தொலைபேசியை அல்ல. அலுவலகத்தின் முகப்புக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் நானே அப்படி எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மனைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்க அக்காவுக்குப் போன் போட சர்க்குலர் வேணுமா உங்களுக்கு?"

நான் போன் போடவில்லை. போட்டிருந்தால் அங்கே காலை ஒன்பது ஆகப்போகும் நேரம். யாராவது எடுத்திருப்பார்கள். உங்கள் சந்திப்பு இன்றைக்கு மூன்று மணிக்கு அல்லவா, இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறதே என்று சொல்லியிருப்பார்கள். ஒரு நிமிடத்து வேலை. இந்த ஒரு நிமிடத்தைப் பிறகு நான் எழுதிய எந்தப் புகாரிலும் குறிப்பிடவில்லை. முதல்முறையாக இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் காலை மின்னஞ்சலைத் திறந்தபோது இரண்டு கடிதங்கள். ஒன்று முந்தைய இரவு பத்து மணிக்கு வந்தது: இன்னும் ஒரு மணி நேரத்தில் உங்கள் சந்திப்பு. மற்றது பதினொன்றரைக்கு வந்தது: நீங்கள் கலந்துகொள்ளவில்லை, மறுபதிவு செய்யவும். இரண்டும் வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு மாத்திரை போட்டுப் படுப்பவன் நான். இவற்றைப் பார்த்ததும் யாருக்கும் உண்மை புரிந்திருக்கும். எனக்குக் கோபம்தான் வந்தது. மாலை நான்கு மணிச் சந்திப்புக்கு இரவு பத்து மணிக்கு நினைவூட்டல் அனுப்புகிற நிர்வாகம் என்ன நிர்வாகம் என்று மகனிடம் கத்தினேன். ஐம்பது நிமிடம் சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தவனைக் கலந்துகொள்ளவில்லை என்று எழுதிவிட்டார்களே என்று ரத்தக் கொதிப்பு ஏறியது. மகன் கைபேசியில் எதையோ பார்த்தபடி, ரிமைண்டர் எல்லாம் இப்படித்தான் பா, லேட்டா வரும் லா, விடுங்க என்றான். அவனும் கவனிக்கவில்லை. அந்தப் பக்கத்தை உருவாக்கிய நிறுவனத்துக்கு நான்கு பக்கப் புகார் எழுதினேன். அதே மடிக்கணினியில் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுபதிவும் செய்தேன். மாலை நான்கு மணி.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அந்த இல்லத்திலிருந்து என்னை அழைப்பதற்கு விதியில் தடை ஏதும் இல்லை. ஒரு மருத்துவர் பேசினார். அமைதியாகப் போய்விட்டார் என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அங்கே காலை ஒன்பது இருபது என்றார். உங்களுக்கு மாலை ஐந்து இருபது என்று அவரே சேர்த்துச் சொன்னார். கணக்குச் சரியாக இருந்தது.

இறுதிச் சடங்கையும் இணையத்தில் காட்டினார்கள். மகனின் விடுப்பு முடிந்து மடிக்கணினி அவனோடு போய்விட்டதால் என் கைபேசியில்தான் பார்த்தேன். அதே இல்லம், அதே பக்கம், அதே நான்காவது விதி. இரவு ஏழு மணி என்று காட்டியது. ஏழு மணிக்குத் திறந்தேன், ஏழு மணிக்குத் தொடங்கியது. அக்காவின் சந்திப்புகளில் இதற்கு மட்டும் நான் நேரத்துக்குப் போயிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து என் நான்கு பக்கப் புகாருக்கு நான்கு வரியில் விடை வந்தது. தங்கள் பதிவேட்டின்படி நேரம் சரியாகவே காட்டப்பட்டது என்றார்கள். பார்வையாளரின் இருப்பிடம்: பிராங்க்பர்ட், ஜெர்மனி. காட்டப்பட்ட நேரம்: பிராங்க்பர்ட் உள்ளூர் நேரம் மாலை நான்கு. எனவே பிழை ஏதுமில்லை, புகார் முடித்துவைக்கப்படுகிறது.

எழுபது வயது தாண்டியும் நான் ஜெர்மனியில் கால் வைத்ததில்லை. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பாயான் பாருவுக்கே போனேன். மகன் அதை ஒருமுறை வாசித்தான். மறுமுறை வாசித்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்பா... இது என்னோட லேப்டாப்னாலதான் பா."

அவனுடைய கம்பெனியின் தலைமையகம் ஜெர்மனியில் இருக்கிறது. கம்பெனிக் கணினிகள் உலகின் எந்த மூலையில் இருந்து இணையத்துக்குள் போனாலும், பாதுகாப்புக்காக முதலில் ஒரு தனிப்பாதை வழியாகத் தலைமையகத்துக்குப் போய், அங்கிருந்துதான் வெளியே வரும். மருத்துவ இல்லத்தின் பக்கம் என் இணைய முகவரியைப் பார்த்தது. கடிதம் எந்த ஊர்த் தபால் நிலையத்தில் முத்திரை குத்தப்பட்டதோ அந்த ஊரில்தான் எழுதியவர் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதைப் போன்றது இது. முத்திரை பிராங்க்பர்ட் என்றது. நானும் பிராங்க்பர்ட்காரன் ஆகிவிட்டேன். அங்கே மாலை நான்கு என்றால் இங்கிலாந்தில் மூன்று. இங்கே இரவு பதினொன்று.

நான் எங்கே இருக்கிறேன் என்று அந்தப் பக்கம் தெரிந்துகொள்ள வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். இருந்தது. அதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. அந்த மடிக்கணினியின் வலது மூலையில் ஒரு சிறு கடிகாரம் உண்டு. அது பினாங்கு நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. நான் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறேன் என்பது அந்தக் கணினிக்குத் தெரியும். இணையப் பக்கம் ஒரே ஒரு வரியில் அதைக் கேட்கலாம். கேட்டால் மண்டலத்தின் பெயரையே சொல்லிவிடும்.

"கேட்டா சொல்லும் பா. ஒன் லைன் கோட்தான். கேக்காம கெஸ் பண்ணியிருக்காங்க" என்றான். பிறகு மெதுவாக, "நானாவது அன்னிக்கு கேட்டிருக்கலாம்" என்றான்.

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன்மேல் தவறில்லை என்று சொன்னேன். அலுவலகத்தில் யாரிடமும் நான் சொல்லாத வாக்கியம் அது.

அதன் பிறகு இரண்டு மாதம் இதைப் படிப்பதே என் வேலையாயிற்று. மற்றவர்கள் என் வயதில் யோகாசனம் படிக்கிறார்கள். இணைய முகவரியை வைத்து ஊகிப்பது கடைசி வழியாகத்தான் இருக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டேன். வெறுமனே எத்தனை மணி வித்தியாசம் என்று எண்ணை மட்டும் வாங்கினாலும் போதாது, ஏனென்றால் எட்டு என்ற எண்ணுக்குள் நாமும் இருக்கிறோம், மணிலாவும் இருக்கிறது, பெர்த்தும் இருக்கிறது. எண்ணுக்கு நேற்றும் தெரியாது, நாளையும் தெரியாது. மண்டலத்தின் பெயரைத்தான் வாங்கவேண்டும். உலகத்து மண்டலங்களுக்கெல்லாம் ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது. எந்த நாடு எந்த நாளில் கடிகாரத்தை எவ்வளவு தள்ளியது என்று அதில் வரிசையாகப் பதிந்திருக்கிறார்கள். கோலாலம்பூர் என்ற பெயருக்குக் கீழே தேடினேன். எண்பத்திரண்டின் அரை மணி அங்கே இருந்தது. அக்காவின் ஏழரையும் இருந்தது, அரசாங்கத்தின் எட்டும் இருந்தது.

பெயரை வாங்கிய பிறகும் வேலை முடியவில்லை. 'நீங்கள் பினாங்கில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம், சரியா?' என்று பார்வையாளரிடமே காட்டி, தவறென்றால் மாற்ற இடம் கொடுக்கவேண்டும். உறுதிக் கடிதத்தில் உள்ளூர் நேரம் என்று மொட்டையாக எழுதாமல் எந்த ஊரின் நேரம் என்று எழுதவேண்டும். பக்கத்திலேயே அந்த இல்லத்தின் நேரத்தையும் போடவேண்டும். 'பினாங்கு இரவு 11.00, இங்கே பிற்பகல் 3.00' என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும். இவை அனைத்தையும் எண்ணிட்டு எழுதி அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஆலோசனைக்கு நன்றி என்று இயந்திரம் உடனே பதில் சொன்னது.

அந்தப் பரிந்துரைகளை அச்செடுத்து மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். முழுதும் வாசித்தாள். கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் இப்படி யாரிடமாவது கேட்டிருக்கிறீர்களா என்றாள். குரலில் கேலி இல்லை, அதனால்தான் வலித்தது. கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஜுருவிலிருந்து, அதற்கும் அப்பாலிருந்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி வந்தவர்களை எத்தனை முறை நேரம் எழுதிய பலகையைப் பாருங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று நானும் கேட்டதில்லை. என் முகப்பில் எல்லாருக்கும் ஒரே நேரம்.

இவ்வளவு படித்தும் எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான் பாக்கி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அக்காவைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்களா? நான் வரவில்லை என்று அவளுக்குத் தெரியுமா? யாருக்கும் புரியாத மொழியில் பேசிக்கொண்டிருந்தவளிடம், புரிகிற ஒருவன் வருகிறான் என்று சொல்லி உட்கார வைத்து, அவன் வராமலே போனானா? அவளை உட்கார வைக்கவேயில்லை, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று ஒருவர் எழுதினால் போதும். அதற்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். உண்மையாக இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

இல்லத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒரே பக்கம், ஒரே கேள்வி. நோயாளியைப் பற்றிய விவரங்களை வெளியாருக்குத் தர இயலாது, உறவை நிரூபிக்க வேண்டும் என்று பதில் வந்தது. நியாயம்தான். என் பிறப்புப் பத்திரத்தையும் அவளுடையதையும் எடுத்துக்கொண்டு சத்தியப் பிரமாண ஆணையரிடம் போனேன். இரண்டிலும் அப்பா பெயர் இரண்டு விதமாக எழுதியிருந்தது, அதற்கொரு தனிப் பிரமாணம். பிறகு மொழிபெயர்ப்புச் சான்று. பிறகு ஒரு படிவம், அதன் பழைய பதிப்பை அனுப்பிவிட்டதால் புதிய பதிப்பு. எதிலும் நான் தடுமாறவில்லை. எந்தத் தாளுக்கு அடுத்து எந்தத் தாள் என்று எனக்குத் தெரியும், அவர்கள் கேட்கும் முன்பே தயாராக வைத்திருந்தேன். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் வந்த மின்னஞ்சலை எழுதியவர் முன்பு எனக்கு எழுதிய அதே தாதி. வேறு வார்டுக்கு மாற்றலாகிப் போயிருந்ததால் என் கேள்வி மூன்று மேசைகளைச் சுற்றி அவரிடம் வந்திருந்தது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். அன்று அவர்தான் பணியில் இருந்தாராம். உங்கள் தம்பி வருகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னதும் அக்காவுக்கு எப்படியோ புரிந்துவிட்டதாம். தலைமுடியைக் காட்டி வாரச் சொன்னாளாம். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே படுக்கையை உயர்த்தித் திரைக்கு முன்னால் வைத்தார்களாம். திரையில் அவள் முகமும் பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டமும் இருந்தன. இருபது நிமிடம் ஆனதும் எடுக்கப் போனபோது அக்கா திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த இருபது நிமிடத்தை யாரும் பதிவு செய்திருக்கவில்லை, அதற்கடுத்ததையும் இல்லை. எனவே நான்கு மணிவரை விட்டுவைத்தார்கள்.

வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அந்த ஒரு மணி நேரமும், பக்கத்தில் வந்த ஒவ்வொருவரிடமும் அக்கா ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம், அவர்களைச் சமாதானப்படுத்துவதைப் போல. அடுத்த ஞாயிறு என்னிடம் கேட்கலாம் என்று, அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, அந்தத் தாதி அதை ஆங்கில எழுத்தில் தன் கையுறையின்மேல் எழுதிக்கொண்டு, பிறகு குறிப்பேட்டில் ஏற்றியிருக்கிறார். கடிதத்தின் அடியில் அந்த எழுத்துகள் இருந்தன. நெடுநாளாக அதன் பொருள் என்னவென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், உங்களால் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

ஒரே தடவையில் வாசிக்க முடிந்தது. "தம்பி வருவான். கந்தோர் இன்னும் விட்டிருக்காது."

கந்தோர் என்றால் அலுவலகம். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான் சொல்வோம். நான் ஓய்வு பெற்று எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. வராத தம்பிக்காக ஒரு மணி நேரம் வந்தவர் போனவரிடமெல்லாம் அக்கா காரணம் சொல்லியிருக்கிறாள்.

கந்தோர்ப் பழக்கத்தில் அந்தக் கடிதத்தின் மேல் வந்து சேர்ந்த தேதியை எழுதினேன்: ஜூன் பதினாறு.